பெட்-சி.டி.யா, பெட்-எம்.ஆர்.ஐ.யா, தனித்தனி ஸ்கேனா? எந்த நோயாளிக்கு எது பொருந்தும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானதும், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஒரு குழப்பம் வந்து சேர்கிறது. முதல் மருத்துவமனையில் பெட்-சி.டி. (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனும் எக்ஸ்ரேயால் எடுக்கும் சி.டி. ஸ்கேனும் சேர்ந்தது) எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில், பெட்-எம்.ஆர்.ஐ. (சி.டி.க்குப் பதிலாக, காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. சேர்ந்தது) எடுத்தால் நல்லது, ஆனால் அது இந்த ஊரில் இல்லை என்கிறார்கள். இதற்கிடையில், போன வாரம்தானே எம்.ஆர்.ஐ. எடுத்தோம், பெட் மட்டும் எடுத்து அதனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாதா என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். மூன்று யோசனைகளுமே மருத்துவத்தில் இடமுள்ளவைதான். எந்த நோய்க்கு, எந்த உறுப்புக்கு, எந்தக் கட்டத்தில் என்று கேட்டால்தான் அவற்றுக்கிடையே தேர்வு செய்ய முடியும். எது புதிய இயந்திரம் என்று கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்போம்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், மருத்துவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பது. நோய் உடலில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கட்டி பக்கத்துத் திசுவுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஊடுருவியிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே கருவி சிறந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது அளவுகோலைக் குடும்பத்தார் அநேகமாகக் கேட்பதே இல்லை: இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு துல்லியமாகப் பொருந்தும்? சேர்க்கைக் கருவிகளுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பொருத்தத்துக்கானதே. அதோடு ஒட்டிய மூன்றாவது, பெட் தரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது. ஒரு கருவியின் குறை மற்றதற்குள் புகுந்துவிடும் இடம் அதுதான். கதிர்வீச்சின் அளவு, மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரம், உடலுக்குள் பொருத்தப்பட்ட உலோகங்கள், சிறுநீரகத்தின் நிலை, பணம், கருவி இருக்கும் தூரம் ஆகியவை மீதி. இவை சின்ன விஷயங்கள் அல்ல. பல குடும்பங்களில் முடிவைத் தீர்மானிப்பவை இவைதான்.

## சேர்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது

பெட் ஸ்கேனில் நோயாளிக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் எஃப்.டி.ஜி. என்ற மருந்து. இது குளுக்கோஸைப் போன்ற ஒரு மூலக்கூறில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்தது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவதால், ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இடங்களில் மருந்து தேங்கி நிற்கும். ஃபுளோரின் அணுவிலிருந்து வெளிப்படும் பாசிட்ரான், அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் ஏறத்தாழ நேரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. உடலைச் சுற்றியுள்ள வளையத்தில் அந்த ஜோடி ஒரே கணத்தில் பதிவானால், அவை கிளம்பிய இடம் அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது.

இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பெட் படத்தில் உடலின் அமைப்புத் தெரியாது. இருட்டில் எரியும் விளக்கைத் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல, ஏதோ ஒளிர்கிறது என்று தெரியும். அது நிணநீர் முடிச்சா, பக்கத்துக் குடல் வளைவா, சிறுநீர்க் குழாயில் தேங்கிய மருந்தா என்று தெரியாது. மற்றொன்று, கிளம்பிய காமாக் கதிர்கள் எல்லாம் வெளியே வந்து சேர்வதில்லை. தண்ணீரை ஒத்த 30 செ.மீ. தடிமனான உடலில், ஒரு கோட்டில் கிளம்பும் ஜோடிகளில் ஏறக்குறைய பதினெட்டில் ஒன்றுதான் இரண்டு பக்கமும் பழுதில்லாமல் வெளியேறும். மிச்சத்தை ஈடுசெய்யாவிட்டால், தோலுக்கு அருகில் உள்ளவை பளிச்சென்றும் ஆழத்தில் உள்ளவை மங்கலாகவும் தெரியும். ஆகவே உடல் எங்கே எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்பதற்கு ஒரு வரைபடம் தேவை.

அந்த வரைபடத்தைக் கொடுக்கத்தான் இன்னொரு கருவி கூட்டுச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1998-இல் டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் உருவாக்கிய பெட்-சி.டி. முன்மாதிரி முதல் நோயாளிகளைப் படம்பிடித்தது. 2000-ஆம் ஆண்டின் மருத்துவக் கண்டுபிடிப்பு என்று டைம் இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள், தனித்து நிற்கும் பெட் கருவியைப் பெரிய நிறுவனங்கள் விற்பதையே நிறுத்திவிட்டன. இன்று "பெட் ஸ்கேன்" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது நடைமுறையில் பெட்-சி.டி.யைத்தான்.

## வாய்ப்பு 1: பெட்-சி.டி.

இதன் பெரிய பலம் வேகம். எக்ஸ்ரே குழாய் சுழன்று, தலையின் அடிப்பகுதியிலிருந்து நடுத்தொடை வரை ஒரு நிமிடத்துக்குள் படமெடுத்துவிடும். அதன்பிறகு அதே மேசை பெட் வளையத்துக்குள் நகரும். பழைய தனிப் பெட் கருவியில் கதிரியக்கக் கம்பிகளை உடலைச் சுற்றிச் சுழற்றிப் பல நிமிடங்கள் செலவிட்டு எடுத்த உறிஞ்சல் வரைபடம், இங்கே சில விநாடிகளில் கிடைக்கிறது. நோயாளி மேசையில் இருப்பது மொத்தமாக 15 முதல் 30 நிமிடம். நுரையீரலில் உள்ள சில மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகளைக் காட்டுவதில் சி.டி.க்கு இணை இல்லை. பெட் கருவியின் பகுதிறன் (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) சுமார் 4 முதல் 5 மி.மீ.தான் என்பதால், அத்தகைய சிறு புள்ளிகள் பெட் படத்தில் ஒளிராமலே தப்பிவிடக்கூடும், சி.டி. அவற்றைப் பிடித்துவிடுகிறது.

நுரையீரல் புற்றுநோயின் பரவலை அறியவும், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் கட்டத்தையும் சிகிச்சைப் பலனையும் மதிப்பிடவும் பெட்-சி.டி. உலகெங்கும் வழக்கமான முறை. லிம்போமாவில் மீதமுள்ள ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடும் மார்பின் பெரிய ரத்தக் குழாய்களின் ஒளிர்வோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் டோவில் அளவுகோல், பெட்-சி.டி. படங்களின்மேல்தான் வளர்ந்தது. அறிக்கையில் "டோவில் 2" என்று இருந்தால் நல்ல சேதி. 4, 5 என்றால் மருத்துவர் சிகிச்சையை மறுபரிசீலனை செய்வார்.

இனி இதன் குறைகள். சி.டி. ஒரு கணத்தில் எடுக்கப்படுகிறது. பெட் பல நிமிடங்கள் நீடிக்கிறது. அந்த நிமிடங்களில் நோயாளி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறார், உதரவிதானம் ஏறி இறங்குகிறது. ஆகையால் கல்லீரலின் மேல் விளிம்பில் உள்ள ஒரு கட்டி, சேர்த்த படத்தில் நுரையீரலின் அடியில் இருப்பதுபோல் தெரியலாம். அனுபவமுள்ள அணுமருத்துவர் இதைக் கண்டுகொள்வார்; ஆனால் அறிக்கையை அவசரமாகப் படிக்கும் யாருக்கும் அது நுரையீரல் பரவல்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. சி.டி.யில் பயன்படும் எக்ஸ்ரே, பெட்டின் காமாக் கதிரைவிடப் பல மடங்கு ஆற்றல் குறைந்தது. அந்த எக்ஸ்ரே எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை வைத்துத்தான், 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் எவ்வளவு விழுங்கப்பட்டிருக்கும் என்று கணினி மாற்றிக் கணக்கிடுகிறது. தசைக்கும் எலும்புக்கும் இந்தக் கணக்குச் சரிவரும். உலோகத்துக்குத் தவறும். பல்லில் நிரப்பிய உலோகமோ இடுப்பில் வைத்த செயற்கை மூட்டோ எக்ஸ்ரேயை அளவுக்கு மீறி விழுங்குவதால், அங்கே காமாக் கதிரும் அப்படியே விழுங்கப்பட்டிருக்கும் என்று கணினி நம்பி, இல்லாத கதிரைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. விளைவு, நோயே இல்லாத இடத்தில் ஒளிர்வு. திருத்தம் செய்யாத மூலப் பெட் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகவே: உண்மையான கட்டி இரண்டிலும் தெரியும், போலி ஒளிர்வு திருத்திய படத்தில் மட்டும் தெரியும்.

கதிர்வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது வந்தவருக்குப் போடும் எஃப்.டி.ஜி. ஊசியால் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் சேரும். அதோடு குறைந்த அளவுச் சி.டி. என்றால் இன்னும் சில மில்லிசீவர்ட். நோயறிதல் தரத்தில் மருந்தேற்றி எடுக்கும் முழுச் சி.டி. என்றால் பத்துக்கும் மேலே. இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்குச் சேர்வது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். அறுபது வயதான புற்றுநோயாளிக்கு இந்தக் கணக்குப் பெரிதல்ல, நோயைத் தவறவிடுவதே பெரிய ஆபத்து. ஆறு வயதுக் குழந்தைக்குச் சிகிச்சையினூடே நான்கைந்து முறை எடுக்கும்போது அதே கணக்கு வேறு எடையைப் பெறுகிறது.

## வாய்ப்பு 2: பெட்-எம்.ஆர்.ஐ.

இதைச் செய்வது பொறியாளர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. காமாக் கதிர் படும்போது பெட் வளையத்தில் தோன்றும் மெல்லிய ஒளியைப் பெருக்கிப் பதிவு செய்த பழைய குழாய்களில் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் பாய்ந்து செல்லும். பக்கத்தில் வலிய காந்தம் இருந்தால் அவற்றின் பாதையே வளைந்துவிடும். 1990-களில் சைமன் செர்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒளியை இழைகள் வழியாகக் காந்தப்புலத்துக்கு வெளியே கொண்டுபோய் அளந்து பார்த்தார்கள். காந்தத்துக்கு அசையாத குறைகடத்தி உணரிகள் வந்த பிறகே வழி திறந்தது. முழு உடலையும் ஒரே நேரத்தில் பெட்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் படம்பிடிக்கும் சீமென்ஸ் கருவி 2010-இல் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. அதிலுள்ள காந்தம் 3 டெஸ்லா வலிமை கொண்டது.

"ஒரே நேரத்தில்" என்ற சொல்லில்தான் இதன் சிறப்பு அடங்கியிருக்கிறது. பெட்-சி.டி.யில் இரண்டு படங்களும் ஒரே மேசையில், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுகின்றன. இங்கே பெட் பதிவாகும் அதே நிமிடங்களில் எம்.ஆர்.ஐ.யும் நடக்கிறது. மூச்சின் அசைவை எம்.ஆர்.ஐ. தொடர்ந்து கவனித்து, பெட்டின் மங்கலைத் திருத்தவும் உதவலாம். மூளை, கல்லீரல், கருப்பை வாய், மலக்குடல், புராஸ்டேட் போன்ற இடங்களில், திசுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் சி.டி.யைவிட எம்.ஆர்.ஐ. எவ்வளவோ தெளிவானது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கியிருக்கிறதா, மலக்குடல் கட்டி சுற்றுச்சவ்வைத் தொட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அறுவை மருத்துவர் எம்.ஆர்.ஐ.யைத்தான் நம்புகிறார். சி.டி.யின் கதிர்வீச்சு முழுவதுமாகக் கழிந்துவிடுவது கூடுதல் ஆதாயம்; பெட் ஊசியின் பங்கு மட்டும் மிஞ்சும்.

ஆனால் இதன் ஆகப் பெரிய பலவீனம், மேலே சொன்ன உறிஞ்சல் வரைபடத்தில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அளப்பது ஹைட்ரஜன் கருக்களின் சைகையை. கதிரை விழுங்குவதோ எலக்ட்ரான்களின் அடர்த்தி. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் கெட்டியான எலும்பும் கறுப்பு, காற்றும் கறுப்பு. ஆனால் எலும்பு கதிரை மிக அதிகமாக விழுங்கும், காற்று அறவே விழுங்காது. தொடக்க காலக் கருவிகள் உடலைக் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்திசு என்று நான்காகப் பிரித்து, எலும்பை மென்திசுவோடு சேர்த்துவிட்டன. அதனால் எலும்புக்குள்ளும் எலும்பை ஒட்டியும் உள்ள ஒளிர்வைக் குறைத்தே காட்டின. எலும்பின் மிகக் குறுகிய சைகையைப் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. படமெடுப்பு முறைகளும், மாதிரி உடல் வரைபடங்களும், அண்மையில் கணினிக் கற்றல் முறைகளும் இந்த இடைவெளியைப் பெருமளவு சுருக்கிவிட்டன. முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வியாக இருந்தால், அந்த மையம் எலும்பை எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வியே.

நுரையீரல் இதன் இரண்டாவது பலவீனம். அங்கே ஹைட்ரஜன் குறைவு, அசைவு அதிகம். ஆகவே சிறு புள்ளிகள் தவறிப்போகலாம். நுரையீரலுக்குப் பரவ வாய்ப்புள்ள புற்றுநோய்களில், பெட்-எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் மார்புச் சி.டி. தனியாக எடுக்க வேண்டியிருப்பது சகஜம். "ஒரே ஸ்கேனில் முடிந்துவிடும்" என்ற வாக்குறுதி இங்கே உடைகிறது.

நேரமும் ஒரு சுமை. முழு உடலுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். துளையின் விட்டம் சுமார் 60 செ.மீ.; பெட்-சி.டி.யில் பொதுவாக 70 செ.மீ. இந்தப் பத்து சென்டிமீட்டர் காகிதத்தில் சின்னதாகத் தெரிந்தாலும், பருமனான உடல்வாகு கொண்டவருக்கும் மூடிய இடத்தில் பதற்றம் வருபவருக்கும் அது பெரிய வித்தியாசம். எலும்பு வலியோடு படுத்திருப்பவர் ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பதும் கடினம். அசைந்தால் படம் கெடும், மறுபடி எடுக்க வேண்டும். பேஸ்மேக்கர்கள், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவிகள், மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப்புகள் எல்லாமே காந்தத்துக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. பொருத்திய கருவியின் அட்டை கையில் இல்லாமல் போனால், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அதுவே சரியான செயலும்கூட.

## வாய்ப்பு 3: தனித்தனியாக எடுத்துக் கணினியில் பொருத்துவது

இந்த வழியை ஏழைகளின் மாற்றுவழி என்று நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் இதுவே புத்திசாலித்தனமான தேர்வு: மூளை. மண்டையோடு ஒரு கெட்டியான பெட்டி. அதற்குள் இருப்பது இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் ஏறக்குறைய அதே வடிவத்தில்தான் இருக்கும். ஆகவே, ஒரு மையத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் இன்னொரு மையத்தில் எடுத்த பெட்டையும் கணினி திருப்பி, நகர்த்தி, மிக நெருக்கமாகப் பொருத்திவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில் அறுவைக்கு முன், சர்க்கரை குறைவாக உறிஞ்சப்படும் இடத்தைப் பெட்டிலும் மூளைப் புறணியின் நுண்ணிய கோளாற்றை எம்.ஆர்.ஐ.யிலும் தேடி இரண்டையும் ஒப்பிடுவது இப்படித்தான் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதற்காக மட்டும் ஒருவரைப் பெட்-எம்.ஆர்.ஐ. உள்ள தொலைதூர நகரத்துக்கு அனுப்பினால், அதற்குத் தனியான காரணம் இருக்க வேண்டும்.

வயிற்றிலும் இடுப்பிலும் கதை வேறு. சிறுநீர்ப்பை காலையில் காலி, மாலையில் நிறைவு. குடல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்கேனில் கைகள் தலைக்கு மேலே, இன்னொன்றில் உடலோடு ஒட்டி. ஒன்றில் மேசை தட்டை, மற்றதில் வளைவு. இரண்டு படங்களையும் இழுத்து வளைத்துப் பொருத்த மென்பொருள்கள் உள்ளன. ஆனால் வளைத்துப் பொருத்துவதில், ஒரு சிறு நிணநீர் முடிச்சு ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டால் அது வேறொரு முடிச்சாகிவிடும். அதனால்தான், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டமிடுபவர்கள், எம்.ஆர்.ஐ.யையும் சிகிச்சையின்போது படுக்கும் அதே தட்டை மேசை நிலையில் எடுத்துத் தரும்படி கேட்கிறார்கள்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு: பொறுப்பு. எம்.ஆர்.ஐ. அறிக்கையை ஒருவர் எழுதுகிறார், பெட் அறிக்கையை இன்னொருவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அங்கே சந்தேகம் என்று எழுதிய முடிச்சு இங்கே ஒளிரவில்லை" என்று சொல்லும் ஆள் யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு கோப்பில் கிடக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெட்-சி.டி. | பெட்-எம்.ஆர்.ஐ. | தனித்தனி ஸ்கேன் |
|---|---|---|---|
| படங்கள் பொருந்துவது | நன்று. மூச்சால் கல்லீரல் மேற்பகுதியில் பிசகலாம் | மிக நன்று | மூளையில் நன்று. வயிறு, இடுப்பில் சந்தேகம் |
| பெட் எண்களின் நம்பகம் | உலோகத்துக்கு அருகில் மிகையாகும் | எலும்புக்கு அருகில் குறையலாம் | அந்தந்தக் கருவியைப் பொறுத்தது |
| சிறு நுரையீரல் புள்ளிகள் | சிறப்பு | பலவீனம் | சி.டி. இருந்தால் சிறப்பு |
| இடுப்பு, கல்லீரல், மூளை நுட்பம் | சுமார் | சிறப்பு | எம்.ஆர்.ஐ. இருந்தால் சிறப்பு |
| கதிர்வீச்சு | ஊசியும் எக்ஸ்ரேயும் | ஊசி மட்டும் | எவற்றை எடுக்கிறோமோ அதன்படி |
| மேசையில் நேரம் | 15–30 நிமிடம் | 45–60 நிமிடம், அதற்கு மேலும் | இரண்டு தடவை |
| உள்ளே பொருத்திய கருவிகள் | பெரும்பாலும் தடையில்லை | சோதித்தே ஆக வேண்டும் | எம்.ஆர்.ஐ.க்குச் சோதிக்க வேண்டும் |
| கிடைக்கும் இடம் | பல நகரங்கள் | மிகச் சில மையங்கள் | எளிது |

அட்டவணை எல்லா அளவுகோல்களையும் சம எடையுள்ளவைபோல் காட்டும். நோயாளி ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்றிரண்டுதான் முடிவைச் சொல்பவை.

## யாருக்கு எதைத் தேர்ந்தெடுப்பேன்

நுரையீரல் புற்றுநோய், பெரியவர்களின் லிம்போமா, எங்கே தொடங்கியது என்றே தெரியாத பரவல் ஆகியவற்றில் பெட்-சி.டி. போதும், மேலும் தேட வேண்டாம். நுரையீரல் புற்றுநோயில் மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: மூளை இயல்பாகவே சர்க்கரையை நிறைய உண்பதால் அது பெட் படத்தில் முழுவதும் ஒளிர்ந்து நிற்கும், அதற்குள் சிறு பரவல் மறைந்துவிடும். பல மையங்களில் வழக்கமான பெட்-சி.டி. மூளையை உள்ளடக்குவதே இல்லை. ஆகவே, மருத்துவர் தனியாக மூளை எம்.ஆர்.ஐ. கேட்டால், பெட் எடுத்துவிட்டோமே என்று மறுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் பலமுறை ஸ்கேன் தேவைப்படும் சிகிச்சைகளில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தால், பெட்-எம்.ஆர்.ஐ.யை முதலில் யோசிப்பேன். கதிர்வீச்சு குறைவு என்பதோடு, சிறு குழந்தைக்குப் பெட்டுக்கு ஒரு தடவை, எம்.ஆர்.ஐ.க்கு ஒரு தடவை என்று இருமுறை மயக்கம் கொடுக்காமல் ஒரே முறையில் முடித்துவிடலாம். பெற்றோருக்கு மயக்க மருந்தின் கவலை கதிர்வீச்சைவிடப் பெரிது என்பது மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இடுப்புப் பகுதிப் புற்றுநோய்களில், நல்ல எம்.ஆர்.ஐ. ஒன்றும் பெட்-சி.டி. ஒன்றும் ஒரே மருத்துவமனையில் எடுத்து, ஒரே கூட்டத்தில் விவாதிக்கப்பட்டால், பெட்-எம்.ஆர்.ஐ. இல்லாததால் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. புராஸ்டேட் புற்றுநோயில், புற்றுச் செல்களின் மேற்பரப்பில் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் ஒட்டும் கேலியம்-68 மருந்தைப் பயன்படுத்தும் பெட், அறுவைக்குப் பின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு மெல்ல ஏறும்போது நோய் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டுவதில் பெயர் பெற்றது. ஆனால் அம்மருந்தும் சிறுநீரில் கழிவதால், பளிச்சிடும் சிறுநீர்ப்பைக்கு அடியில் திரும்பி வந்திருக்கும் சிறு கட்டியைப் பிரித்தறிய, எம்.ஆர்.ஐ.யின் திசுத் தெளிவு கைகொடுக்கும். பெட்-எம்.ஆர்.ஐ.க்காக ஊர்விட்டு ஊர் போவதற்கு நியாயமான காரணங்களில் இது ஒன்று.

எந்தக் கருவியானாலும் தீராத ஒரு சந்தேகத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காசநோயால் வீங்கிய நிணநீர் முடிச்சும் எஃப்.டி.ஜி.யை உறிஞ்சி ஒளிரும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், ஒளிரும் முடிச்சுகள் எல்லாம் புற்றுநோய்ப் பரவல் என்று படத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதற்கு எந்தச் சேர்க்கைக் கருவியும் மாற்றல்ல.

## கட்டணச் சீட்டில் வராத செலவுகள்

பெட்-சி.டி.யில் வழக்கமாக எடுப்பது குறைந்த அளவுச் சி.டி.; அது வரைபடத்துக்காக மட்டும். அறுவைக்குமுன் ரத்தக்குழாய்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அயோடின் மருந்தேற்றிய சி.டி. தேவை. இதை ஒரே அமர்வில் சேர்த்து எடுக்கும்படி மருத்துவர் முதலிலேயே எழுதிக்கொடுத்தால் இன்னொரு நாளும் இன்னொரு கட்டணமும் மிச்சம். எழுதிக் கொடுக்காமல் விட்டதால், இரண்டு வாரம் கழித்து மறுபடி சி.டி. எடுக்கும் குடும்பங்கள் ஏராளம். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் முன்னதாகவே பார்த்து வைத்திருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ.யில் படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் மருந்தை ஏற்றுவதற்கும் அது அவசியம். காப்பீட்டில் எடுப்பதாக இருந்தால், பெட்-எம்.ஆர்.ஐ.க்கு முன் அனுமதி கிடைக்குமா என்பதைக் கேட்டுவிட்டே நாள் குறிக்க வேண்டும்.

ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். அதாவது, இந்தக் கதிரியக்க அணுக்களை உருவாக்கும் இயந்திரமான சைக்ளோட்ரானிலிருந்து புறப்பட்ட மருந்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கால்வாசியாகக் கரைந்துவிடும். சைக்ளோட்ரான் இல்லாத ஊர்களில் அன்றைய மருந்து விடியற்காலையிலேயே தயாராகி, வண்டியிலோ விமானத்திலோ வந்து சேர்கிறது. நோயாளி ஒரு மணி நேரம் தாமதித்து வந்தால், அவருக்கென அளந்து வைத்தது வீணாகலாம்; வரிசையில் பின்னால் இருப்பவருக்கும் மருந்து போதாமல் போகலாம். கேலியம்-68க்கு அரை ஆயுள் 68 நிமிடமே. "சரியான நேரத்துக்கு வாருங்கள்" என்று வரவேற்பறையில் கடுமையாகச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

முன்னேற்பாடு கெட்டால் பணம் முழுவதும் வீண். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தச் சர்க்கரை பொதுவாக 200-க்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை எஃப்.டி.ஜி.யோடு போட்டியிடும். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை குடலை ஒளிரச் செய்யும் என்பதால், வயிற்றுப் பகுதியைப் பார்ப்பவர்கள் அதை இரண்டு நாளுக்கு நிறுத்தச் சொல்வதுண்டு. மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. முந்தைய நாள் வேக நடையும் கடுமையான வேலையும் வேண்டாம், தசைகள் ஒளிரும். குளிர்ந்த அறையில் நடுங்கிக்கொண்டு காத்திருந்தால், இளவயதினருக்குக் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து முடிச்சுகளை மறைக்கும். ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த உடனே எடுத்தால், புண்ணான திசுவே ஒளிர்ந்து குழப்பும். அதனால் பெரும்பாலும் சுமார் 12 வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். ஸ்கேன் எடுத்த நாளில் மாலைவரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும்.

மருத்துவமனையின் பக்கத்திலிருந்து பார்த்தால், பெட்-எம்.ஆர்.ஐ. ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்பதும் புரியும். காமாக் கதிருக்கு ஈயத்தடுப்பு, வானொலி அலைகளுக்குச் செப்புத்தடுப்பு, காந்தத்துக்கான பாதுகாப்பு எல்லாம் ஒரே அறையில் வேண்டும். அணுமருத்துவத்திலும் எம்.ஆர்.ஐ.யிலும் ஒருசேரப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் வேண்டும். ஒரு பகுதி பழுதானால் இரண்டும் நிற்கும். ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகள் பெட்-சி.டி.யைவிடக் குறைவு என்பதால், அந்தச் செலவெல்லாம் குறைந்த தலைகளின்மேல் பங்கிடப்படுகிறது.

## ஒருமுறை தேர்ந்தெடுத்த பிறகு

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடும்போது, அறிக்கையில் எஸ்.யூ.வி. என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். கட்டி எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்பதன் அளவு அது. முதல் ஸ்கேனில் 12, இரண்டாவதில் 8 என்றால் குடும்பத்தார் மகிழ்வார்கள். ஆனால் முதலாவது பெட்-சி.டி.யிலும் இரண்டாவது பெட்-எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கப்பட்டிருந்தால், அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மருந்தின் பலன், எவ்வளவு கருவியின் கணக்கு என்று பிரிக்க முடியாது. ஒரே இடத்தில் எடுத்தாலும், ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையில் முதல் முறை 60 நிமிடமும் அடுத்த முறை 90 நிமிடமும் ஆகியிருந்தால் எண் மாறும். ஆகவே, தொடக்கத்தில் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தோமோ, முடிந்தவரை அதே கருவியில், அதே மையத்தில், அதே இடைவெளியில் தொடர வேண்டும். பெட்-எம்.ஆர்.ஐ.க்காக ஒருமுறை தொலைதூர நகரத்துக்குப் போக நினைப்பவர்கள், அடுத்த முறையும் அங்கே போக முடியுமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மையம் மாறியே தீர வேண்டுமென்றால், அச்சிட்ட ஃபிலிமை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் தேர்ந்தெடுத்த சில வெட்டுப்படங்கள்தான் இருக்கும். அவற்றை வைத்து எதையும் திரும்ப அளக்க முடியாது. எல்லாப் படங்களும் மூல வடிவில் பதிந்த குறுந்தகட்டையோ பென் டிரைவையோ, ஊசியின் அளவும் நேரமும் குறித்த தாளோடு கேட்டு வாங்கி, வீட்டுக் கணினியில் ஒரு பிரதியும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.